காயம் என்று கூவிய வீடு

சிமெண்ட்டுக்கு அந்தப் பெயர் வந்தது அவர் பார்த்த வேலையால் அல்ல, அவருடைய ரத்தத்தால். வேலை என்னவோ சாரம் கட்டுவதுதான். கட்டடம் எழும்பும் இடங்களில் இரும்புக் குழாய்களை நிறுத்தி, குறுக்கே பூட்டி, பலகை போட்டு, கொத்தனாரும் பெயிண்டரும் நிற்பதற்குக் காற்றில் ஓர் இடம் உண்டாக்கித் தருவது. ஆனால் ரத்தம் வெளியே வந்தவுடன் கெட்டியாகிவிடும். எல்லார் ரத்தமும் அப்படித்தானே என்று கேட்கலாம். எல்லார் ரத்தமும் கொஞ்சம் சிந்தி, கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் உறையும். இவருடையது யோசிக்காது. சவரம் செய்யும்போது கன்னத்தில் பிளேடு பட்டால், ரத்தம் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும். ஒருமுறை உச்சிப் பலகையில் நிற்கையில் கை கிழிந்து ஒரு சொட்டு கீழே போனது. போகிற வழியிலேயே உறைந்து, கீழே நின்ற கொத்தனாரின் தலையில் 'டொக்' என்று விழுந்தது. அந்த வீக்கம் வடிய ஒரு வாரம் ஆனது. கொத்தனார் இன்றும் கேட்பவர்களுக்கெல்லாம் தலையைக் குனிந்து காட்டுகிறார்.

பெயர் வைத்தது மனைவியின் தம்பி. சாரத்தில் கூடவே வேலை பார்ப்பவன், வாய் ஓயாதவன்.

"மாமா உடம்புல ஓடுறது ரத்தமே இல்ல, சிமெண்ட்டு. லேசாக் காத்து பட்டாப் போதும், செட் ஆயிரும்."

சிமெண்ட்டுக்கு அதில் உள்ளூரப் பெருமை. மேலே ஏறிப் பிழைக்கிறவனுக்கு இதைவிட நல்ல துணை எது? கீறினாலும் குத்தினாலும் உடம்பே பார்த்துக்கொள்ளும். அந்தத் தைரியத்தில் அவர் சாரத்தில் நடந்தது மற்றவர்கள் கூடத்தில் நடப்பதைப்போல இருந்தது. உச்சி வெயிலில் எல்லாரும் சாப்பிடக் கீழே இறங்கும்போது, அவர் மட்டும் இன்னும் ஒரு தட்டு மேலே ஏறி, கடைசிப் பலகையில் துண்டை விரித்துப் படுப்பார். மேகம் தாழ வந்து முகத்தில் உரசினால், போர்வையை விலக்குவதுபோல ஒரு கையால் விலக்கிவிட்டுத் திரும்பிப் படுப்பார்.

அப்பேர்ப்பட்ட ரத்தம் ஒருநாள் வெளியே வராமலே உறைந்துவிட்டது.

இடது கெண்டைக்கால் தடித்துச் சிவந்து, தொட்டால் சுட்டது. குழாய் இடித்த வீக்கம் என்றார் சிமெண்ட்டு. மனைவி நம்பவில்லை. அவள் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். கற்றுக்கொள்கிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பக்கத்து பிரேக்கை மிதித்து மிதித்து, வீட்டில் யாராவது ஏறுமாறாகப் பேசினாலும் அவளுடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும்.

"என்னங்க, இது உங்க காலா, இல்ல யாரோடதையாவது மாத்திப் போட்டுக்கிட்டு வந்துட்டீங்களா?"

"குழாய் இடிச்சிருச்சு."

"எப்ப?"

"இடிச்சிருக்கும்."

வலது கால் தரையை அழுத்தியது. ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அங்கே இருந்த டாக்டரம்மா சன்னக் குரலில் பேசுகிறவர். எதைச் சொன்னாலும் கையிலிருக்கும் தாளில் படம் போட்டுக் காட்டுவார். படம் எதுவும் எதைப்போலவும் இருக்காது. காலைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, தாளில் ஒரு கத்தரிக்காயை வரைந்து, இதுதான் கால் என்றார். உள்ளே ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியிருக்கிறது.

சிமெண்ட்டுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "என் ரத்தம் அப்படித்தான் டாக்டரம்மா. கூப்பிட்ட குரலுக்கு ஓடி வரும்."

"வெட்டு இல்ல, குத்து இல்ல. பின்ன யார் கூப்பிட்டாங்க?" என்றார் டாக்டரம்மா.

கூப்பிட்டது யார் என்று தேடினார்கள். ஊசி, குழாய், படம், மறுபடியும் ஊசி என்று ஒரு வாரம் ஓடியது. பெருங்குடலின் ஒரு வளைவில் அது உட்கார்ந்திருந்தது. புற்று.

முடிவைக் கேட்கக் குடும்பத்தோடு போனார்கள். டாக்டரம்மாவின் மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் குடல் இருந்தது. தொட்டவுடன் அதன் ஒரு துண்டு கழன்று விழுந்தது. மச்சான் குனிந்து எடுத்து, எங்கே பூட்டுவது என்று தெரியாமல், கடைசிவரை கையிலேயே வைத்திருந்தான்.

"எடுக்க முடியற இடத்துலதான் இருக்கு" என்றார் டாக்டரம்மா. "ஆனா அது என்ன பண்ணுதுன்னு நீங்க தெரிஞ்சுக்கணும். காயம் பட்டா, ரத்தத்துல இருக்கிற சில புரதங்கள் ஒண்ணை ஒண்ணு தட்டி எழுப்பும். அதுங்களுக்கு நம்பர்கூட உண்டு. ஒண்ணு, ரெண்டுன்னு போகும். ஆறாம் நம்பர் மட்டும் கிடையாது."

"ஏன், லீவா?" என்றான் மச்சான்.

"ஆரம்பத்துல எண்ணினவங்க தப்பா எண்ணிட்டாங்க. கடைசியில எல்லாம் சேர்ந்து நூல் நூலா ஒரு வலை பின்னும். ஓட்டை அடைபடும். காயம் ஆறினா உடம்பே வலையைக் கரைச்சிரும். இந்தப் புற்று இருக்கே, அது காயமே இல்ல. ஆனா காயம் மாதிரியே குரல் கொடுக்கும். புரதங்களும் நம்பி வந்து பின்னும். அந்த வலையைப் பிடிச்சுக்கிட்டு அது ஏறும். புது ரத்தக்குழாய் அதுவழியா உள்ள நுழையும், சாப்பாடு போகும். ரத்தத்துல மிதக்கிற தட்டணுக்கள் சால்வை மாதிரி அதைப் போத்திவிடும், உடம்போட காவல்காரங்க கண்ணுல படாம. காயம் ஆறவே ஆறாது. இருந்தாத்தானே ஆறும்."

தாளில் அவர் வரைந்திருந்தது ஒரு வீட்டைப்போல இருந்தது. அவர் வாழ்நாளில் எதையாவது போல அமைந்த ஒரே படம் அதுதான். மச்சான் அதைப் பார்த்தான். தோள் குலுங்கியது. பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டான்.

"மாமா! நாம கட்டின மூலை வீடு!"

"டேய், எங்க உக்காந்துக்கிட்டு எதுக்குடா சிரிக்கிற?" என்று அக்கா அதட்டினாள். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. சிரித்ததால் வந்ததா என்று அவனுக்கே தெரியாது.

மூலை வீட்டுச் சங்கதி இதுதான். சிமெண்ட்டின் கூட்டத்துக்கு இரண்டு வழக்கம். சாரம் வேண்டும் என்று கூப்பிட்டால், எதற்கு என்று கேட்பதில்லை. மேலே நின்று யார் என்ன செய்தால் நமக்கென்ன? கட்டிய பிறகு, கூப்பிட்டவர் தன் வாயால் 'வேலை முடிந்தது' என்று சொல்லாமல் ஒரு திருகாணியைக்கூடத் தளர்த்துவதில்லை. பாதியில் கழற்றி ஒருவன் விழுந்தால் யார் பதில் சொல்வது?

யாரோ ஒருவர் தெருமுனை வீட்டுக்குச் சாரம் கேட்டார். தெருவுக்கு இரண்டு முனை உண்டு என்பது கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆளில்லாத வீடு ஒன்றைச் சுற்றிச் சாரம் எழுந்தது. வழியே போன கொத்தனார் சாரத்தைப் பார்த்தார். சாரம் இருக்கிறது என்றால் வீடு கட்டுகிறார்கள் என்று அர்த்தம். நம்மை இன்னும் கூப்பிடவில்லையே என்று வெட்கப்பட்டு, மேலேறிச் செங்கல் வைத்தார். சுவரைப் பார்த்து எலெக்ட்ரீஷியன் வந்தார். ஒயரைப் பார்த்துத் தண்ணீர்க் குழாய்க்காரர் வந்தார். மாடி உயர்ந்ததால் சாரத்தை உயர்த்தினார்கள். சாரம் உயர்ந்ததால் இன்னொரு மாடி வைத்தார்கள். பிளான் அடுத்தவரிடம் இருக்கிறது என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். மேல்மாடியில் ஒரு குடும்பம் குடிவந்து, பால் காய்ச்சிக் குடித்து, அதன் பிறகுதான் படிக்கட்டு இல்லை என்பதைக் கவனித்தது. தெருவில் வெயில் விழுவது நின்றுபோய், துணி காயப்போட அடுத்த தெருவுக்குப் போனார்கள். கடைசியில் சிமெண்ட்டிடம் குழாய் தீர்ந்தது. அன்றோடு மாடியும் நின்றது. முதலில் கூப்பிட்டவர் ஒரு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிக்கத்தான் கேட்டிருந்தார். தெருவின் மறுமுனையில் இன்னும் காத்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

இதை மச்சான் சொல்லி முடித்ததும் டாக்டரம்மா தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"முதல்ல காலுக்கு ஊசி. தினமும் வயித்துல போடணும். அந்த ரத்தக்கட்டி காலை விட்டுக் கிளம்பி நெஞ்சுக்குப் போச்சுன்னா மூச்சு நின்னுரும். கால் அடங்குனாத்தான் ஆபரேஷனுக்கு நாள் குறிக்க முடியும்."

"போட்டுருவோம்" என்றாள் மனைவி.

"ஊசி போட்டா ரத்தம் சீக்கிரம் உறையாது. அதனால உயரத்துல ஏறக்கூடாது."

சிமெண்ட்டு முதல்முறையாக நாற்காலியில் நிமிர்ந்தார். "எவ்வளவு உயரம்?"

"ஸ்டூல்கூட வேண்டாம்."

"ஊசி போட்டா அந்த வீடு இடிஞ்சு விழுந்துருமா டாக்டரம்மா?"

"விழாது. ஊசி காலுக்கு. புற்றுக்குக் கத்தி இருக்கு, வேணும்னா மருந்து இருக்கு. வலை பின்றதைத் தடுத்தா புற்றும் தடுமாறுமான்னு ஆராய்ச்சி நடக்குது. சில இடத்துல தடுமாறுது, சில இடத்துல அசரவே மாட்டேங்குது. அதுக்கு நான் சத்தியம் பண்ண மாட்டேன். காலுக்குப் பண்றேன்."

வீட்டுக்கு வந்ததும் ஊசிப் பெட்டியைச் சிமெண்ட்டு பீரோ மேலே வைத்தார். மனைவிக்கு எட்டாத உயரம்.

"எடுங்க அதை."

"ஸ்டூல்கூட ஏறக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"விளையாடாதீங்க. நீங்க வேணும் எனக்கு. சாரமா வேணும்?"

"மேல ஏறாம நான் என்ன பண்ணுவேன்? தரையில நின்னு தடவிக்கிட்டிருக்கவா? இத்தனை வருஷமா இந்த ரத்தம்தான் என்னைக் காப்பாத்திச்சு. அதைப் போய்த் தண்ணியாக்கச் சொல்றாங்க. யோசிக்கறேன்."

"எங்க உக்காந்து யோசிப்பீங்க?"

அவர் கூரையைப் பார்த்தார். அவளுடைய வலது கால் தரையை அழுத்து அழுத்தென்று அழுத்தியது. மனிதருக்கு பிரேக் வைத்திருந்தால் அல்லவா நிற்பார்?

மறுநாள் அவர் வீக்கத்தால் இடது செருப்பின் வாரைப் பூட்டாமல் வேலைக்குப் போனார். மச்சான் வழியை மறித்தான். "மாமா, அக்கா என்னைத் தோலை உரிச்சிரும்" என்றான். "உரிச்சா எனக்கென்னடா, உன் தோல்தானே" என்று சொல்லிவிட்டு ஏறினார். கால் ஒவ்வொரு தட்டிலும் 'நான் வரவில்லை' என்றது. உச்சிப் பலகையை அடைந்து, துண்டை விரித்துப் படுத்தார். வெயில் இதமாக இருந்தது. ஒரு மேகம் வந்தது. விலக்கச் சோம்பலாக இருந்ததால் அப்படியே விட்டுவிட்டார். மேகம் அவரைப் போர்த்திக்கொண்டது.

பிறகு அவர் ஒரு குழாயைப் பிடித்துக் கீழே இறங்கிக்கொண்டிருந்தார். அது வெளியே இருக்கும் குழாய் அல்ல, உள்ளே இருக்கும் குழாய். சுவர்கள் சிவந்து, வெதுவெதுப்பாக, மூச்சு விடுவதுபோல விரிந்து சுருங்கின. இடுப்பளவு ஆறு ஓடியது. அதில் வட்ட வட்டமாகச் சிவப்புத் தட்டுகள் மிதந்து போயின. ஒன்றின்மேல் உட்கார்ந்துகொண்டார். அது முனகியது, ஆனாலும் இடம் கொடுத்தது.

தூரத்தில் ஒரு குரல் கேட்டது. "ஐயோ, காயம்! ஐயோ, காயம்!"

குரல் வந்த பக்கம் போனால், மூலை திரும்பியதும் சாரம் நின்றது. அவ்வளவு அழகான சாரத்தைச் சிமெண்ட்டு வாழ்நாளில் பார்த்ததில்லை. இரும்புக்குப் பதில் நூல். ஒவ்வொன்றும் தலைமுடியைவிட மெலிசு, ஒவ்வொரு முடிச்சும் இறுக்கம். அதற்குள்ளே ஒரு வீடு, கூரை இல்லாமல், திசை இல்லாமல், மாடிக்குமேல் மாடியாகப் பிதுங்கி நின்றது. படிக்கட்டு எங்கும் இல்லை.

ஆட்கள் வரிசையாக நின்று நூலைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் அடுத்தவனைத் தட்டி எழுப்புவான். எழுந்தவன் அடுத்தவனைத் தட்டுவான். சட்டையில் நம்பர். ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்குமளவு இடைவெளி.

"ஆறாம் நம்பர் எங்கப்பா?"

"அப்படி ஒருத்தர் கிடையாதுங்க" என்றான் ஏழாம் நம்பர். "ஆனா பழக்கம், அவருக்கும் ஒரு டீ எடுத்து வச்சிருவோம்."

அவர்களுடைய மேஸ்திரி திரும்பினான். அவன் முகம் சிமெண்ட்டின் முகம். மீசைகூட அதே கோணல். இரண்டு பேரும் அதைப்பற்றி ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. பேசினால் நன்றாக இருக்காது.

"யார் கூப்பிட்டாங்க உங்களை?" என்று சிமெண்ட்டு கேட்டார்.

"கேக்குதே குரல்."

சிமெண்ட்டு ஒரு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். உள்ளே ஒருவன், தட்டணுக்கள் போர்த்திவிட்ட சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மூக்கு முட்டச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் தலையைத் தூக்கி 'ஐயோ, காயம்!' என்று கத்திவிட்டு மறுபடி குனிந்தான். உடம்பில் ஒரு கீறல் கிடையாது. வாசலில் வெள்ளைச் சட்டைக் காவல்காரர்கள் வந்து பார்த்தார்கள். 'பாவம், அடிபட்டவர்' என்று சால்வைக்கு ஒரு சலாம் போட்டுவிட்டுப் போனார்கள்.

"காயமே இல்லப்பா இது!" என்றார் சிமெண்ட்டு. "கழட்டுங்க எல்லாத்தையும்!"

"கூப்பிட்டவர் தன் வாயால முடிஞ்சதுன்னு சொல்லணும்" என்றான் மேஸ்திரி. "எதுக்குன்னு கேக்கறதில்ல. பாதியில கழட்டறதில்ல. உங்ககிட்டக் கத்துக்கிட்டதுதானுங்க."

நூல் கைமாறும் சத்தம் தூரத்து மழைபோலக் கேட்டது. வரிசை அவர் வந்த திசையில் கண்ணுக்கு எட்டாத தூரம்வரை நின்றது. இத்தனை பேரா? அவர் பார்த்த எந்த வேலைக்கும் இத்தனை ஆள் நின்றதில்லை.

"சரி, கழட்ட வேண்டாம். புதுசாக் கட்டாம இருக்கலாம்ல? வலையை விடுங்க. எல்லாரும் போய்த் தூங்குங்க."

மேஸ்திரி சிரிக்கவில்லை. மேலே கை காட்டினான். சிவப்புக் கூரைக்கு அப்பால், வெகு உயரத்தில், ஒரு பலகை தெரிந்தது. பலகையின் ஓரத்தில் ஒரு கால் தொங்கிக்கொண்டிருந்தது. பூட்டாத செருப்பு.

"நீங்க அங்க இருக்கீங்க. நாங்க எப்படித் தூங்கறது? எப்ப விழுவீங்க, எப்பக் கிழிச்சுக்குவீங்கன்னு தலையைத் தூக்கிப் பாத்துக்கிட்டே நிக்கறோம். எந்தக் குரல் கேட்டாலும் நீங்கதான்னு ஓடறோம். உங்க குரல் எது, அவன் குரல் எதுன்னு பிரிச்சுப் பாக்க எங்களுக்கு நேரம் எங்க இருக்கு?"

அவனுடைய கைகளைச் சிமெண்ட்டு பார்த்தார். விரல் நுனியெல்லாம் நூல் அறுத்த கோடுகள். பெருமைப்பட்டுக்கொண்ட இத்தனை வருடத்தில், அந்தப் பக்கம் பயந்துகொண்டிருந்தவர்கள் இருப்பார்கள் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

"நான் கீழ இறங்கிட்டா?" என்றார்.

"இறங்கினா தூங்கறோம்" என்றான் மேஸ்திரி. "தூங்கி ரொம்ப நாளாச்சுங்க."

ஏழாம் நம்பர் கொட்டாவி விட்டான். அடுத்தவன் விட்டான். கொட்டாவி வரிசையோடு ஓடி வளைவில் மறைந்தது. ஜன்னலுக்குள் இருந்தவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டான்.

"மாமா! மாமோவ்!"

மேகம் போய்விட்டிருந்தது. கீழே மச்சான் இரண்டு கைகளையும் வாயில் குவித்துக் கத்திக்கொண்டிருந்தான். "அக்கா வந்துக்கிட்டிருக்கு! ஒண்ணு நீங்க இறங்குங்க, இல்ல நான் ஏறிக்கிறேன்!"

சிமெண்ட்டு இறங்கினார். கூடத்தில் நடப்பதுபோல இறங்கியே பழகியவர், அன்றைக்கு ஒவ்வொரு குழாயையும் இரண்டு கைகளாலும் பற்றி, நல்ல காலை முதலில் வைத்து, வலிக்கும் காலை அருகே கொண்டுவந்து, நின்று மூச்சு வாங்கி, சர்வ ஜாக்கிரதையாக இறங்கினார். ஓரிடத்தில் திருகாணியின் கூர்முனை துருத்திக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிக் கையை எடுத்து வைத்தார். கூட்டத்தினர் வேலையை விட்டுவிட்டு வாய்பிளந்து பார்த்தார்கள். அவர் பயந்து அவர்கள் பார்த்ததே இல்லை. அவருக்குப் பயம் இல்லை. உள்ளே தூங்கப் போகிறவர்களை எழுப்பிவிடக்கூடாது என்பதுதான் கவலை.

தரையைத் தொட்டபோது, டிரைவிங் ஸ்கூல் கார் விக்கிக்கொண்டே வந்து, குழாய்க் குவியலுக்கு முன்னால் ஒரு குலுக்கலோடு நின்றது. ஓட்டியவர் கற்றுக்கொள்ள வந்த ஒரு பல் டாக்டர். பயத்தில் ஸ்டியரிங்கை விடவே இல்லை. பக்கத்திலிருந்து மனைவி இறங்கினாள். கையில் ஊசிப் பெட்டி.

"எப்படி எடுத்த?" என்றார் சிமெண்ட்டு.

"பீரோவையே சாய்ச்சேன்."

அவள் சண்டைக்குத் தயாராக வந்திருந்தாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த பேச்சு தொண்டைவரை நின்றது. அவரோ பின்கதவைத் திறந்து, இருக்கையில் உட்கார்ந்து, சட்டையைத் தூக்கி, வயிற்றைக் காட்டினார்.

"போடு."

"என்ன?"

"போடும்மா. தூங்கட்டும் எல்லாரும்."

யார் தூங்கட்டும் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் மனது மாறிவிடுவாரோ என்று பயம். டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தபடி வயிற்றுச் சதையை விரல்களால் பிடித்தாள். எந்த உயரத்துக்கும் அசராத மனிதர் அந்தச் சின்ன ஊசியைப் பார்த்ததும் கண்களை இறுக மூடிக்கொண்டார். முன்னாலிருந்த பல் டாக்டரும் மூடிக்கொண்டார்.

"நீங்க ஏன் மூடறீங்க? தினமும் ஊசி போடற ஆளாச்சே!" என்றான் மச்சான்.

"அது வாயில. வாயின்னாப் பரவாயில்ல."

ஊசி இறங்கியது. சிமெண்ட்டு 'ஸ்' என்றார், அவ்வளவுதான். அவள் பஞ்சை வைத்து அழுத்தினாள். வழக்கத்தைவிட அதிகநேரம் அழுத்த வேண்டியிருந்தது. அவர் வயிற்றின்மேல் அவள் கை அப்படியே இருந்தது. தெருவில் யாரும் பார்க்கிறார்களா என்று இரண்டு பேருமே கவனிக்கவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார் அவர். "கால் அடங்குனதும் நாள் குறிக்கச் சொல்லணும். அவன் இன்னும் சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருப்பான். கத்தி இல்லாம எந்திரிக்க மாட்டான்."

"எவன்?"

"வழியில சொல்றேன்."

சொல்லவில்லை. கார் கிளம்பியது. பல் டாக்டர் நத்தையும் முந்திப்போகும் வேகத்தில் ஓட்டினார். சிமெண்ட்டு ஜன்னல் கண்ணாடியை இறக்கி, தெருவைப் பார்த்தார். இத்தனை வருடம் மேலிருந்து பார்த்த தெருதான். மேலிருந்து பார்த்தால் வகிடு, வழுக்கை, தொப்பி, குடை. இப்போது எல்லாவற்றுக்கும் கீழே ஒரு முகம் இருந்தது. ஒருவர் தனக்குத்தானே பேசிக்கொண்டு போனார். ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு எதையோ கணக்குப் போட்டாள். பஸ்ஸுக்கு நின்ற கிழவர் ஒருவர் இவரைப் பார்த்துக் காரணமில்லாமல் தலையாட்டினார். சிமெண்ட்டும் தலையாட்டினார்.

"ஏம்மா," என்றார் முன்பக்கம் குனிந்து, "நம்ம ஊர்ல இவ்வளவு பேருக்கா மூக்கு இருக்கு?"

"பேசாம வாங்க. பல் டாக்டர் பாவம், வண்டியைத் திருப்பறாங்க."

கார் திரும்பியது, மெதுவாக, பரந்த ஆறு திரும்புவதுபோல. அவர் இருக்கையில் சாய்ந்தார். தரையை ஒட்டிய காற்றில் புழுதி வாசனை இருந்தது. கொட்டாவி வந்தது. வாயைப் பொத்தாமல், வேண்டிய மட்டும் விட்டார்.